எந்தப் பக்கம் இழுக்குது?

பழைய கார் ஒன்றை வாங்கியதும் நம் ஆட்களுக்கு முதலில் வரும் ஆசை, அதன் சத்தத்தை மாற்றுவது. அடுத்த ஆசை, பானெட்டுக்குள் எதையாவது புதிதாக மாட்டுவது. பிரேக்கின் மேல் ஆசைப்பட்டுப் பட்டறைக்கு வந்த ஒரு மனிதரையும் நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்கப் போவதில்லை, தம்பிகளா. அதனால்தான் நம் தொழிலுக்குக் கை மட்டும் போதாது, கொஞ்சம் வாயும் வேண்டியிருக்கிறது. வாய்க்கும் முன்னால் காது வேண்டும். அந்தக் காது விஷயத்தைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளில் தருமபுரி சேலம் ரோட்டில் என் பட்டறை இருந்தது. தகரக் கூரை போட்ட, நெருக்கி நிறுத்தினால் மூன்று வண்டி நிற்கிற இடம். என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. பாய் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். கோபக்கார பாய் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்களாம். பொய் என்று சொல்ல மாட்டேன்.

அங்கேதான் ஒரு வைகாசி மாதத்தில் கம்பைநல்லூர் நாயனக்காரர் கோவிந்தசாமி தன் அம்பாசிடரில் வந்து இறங்கினார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அவருடைய நாயனம் இல்லை என்றால் பெண் வீட்டாருக்கு மனசே ஆறாது. முகூர்த்த நாட்களில் மாலை ஓர் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு இருக்கும், மறுநாள் காலை இன்னோர் ஊரில் தாலி கட்டு இருக்கும். பஸ்ஸை நம்பி இரண்டையும் ஒப்புக்கொள்ள முடியாது என்றுதான் அந்தப் பழைய காரை வாங்கியிருந்தார். ஓட்டுவதற்குத் தனி ஆள் இல்லை. மேள செட்டில் தாளம் போடும் முனிராஜ்தான் டிரைவர். அவன் கோவிந்தசாமியின் அக்கா மகன், முப்பது தாண்டியவன், கேட்டால் ஒழியப் பேசாதவன்.

நாயனக்காரர் டிக்கியைத் திறந்து ஒரு சாக்கை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே இரட்டைக் கார்பரேட்டர். பெங்களூரில் வாங்கியதாம். "விமானா ஸ்வாமி, விமானா!" என்று கடைக்காரர் கையை மேலே தூக்கிக் காட்டினாராம்.

"இத மாட்டிக் குடுங்க பாய். அப்பிடியே இன்ஜின் ஹெட்டக் கொஞ்சம் சீவி உட்ருங்க. சைலன்சரயும் பெருசா போட்ருங்க. வண்டி பறக்கோணும்" என்றார்.

"கண்ணாலத்துக்குப் போறீங்களா, ரேஸுக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த தவில்காரர் சின்னசாமிதான் சிரித்தார். நல்ல கனத்த உடம்பு, கையில் எப்போதும் ஒரு பொட்டலம் முறுக்கு. அவர்தான் நடந்ததைச் சொன்னார்.

போன முகூர்த்தம் நல்லம்பள்ளியில். முந்தின மாலை வேறு ஊரில் வாசித்துவிட்டு விடியற்காலையில் கிளம்பியவர்கள், வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனதில் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். ஐயர், "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்துகிறார். மேளம் எங்கே? தும்மல் கூடக் காதில் விழக்கூடாது என்றுதானே அந்த நேரத்தில் மேளத்தைக் கொட்டச் சொல்கிறோம். பந்தலே அமைதியாக இருந்ததாம். பெண்ணின் தாய்மாமன் பொறுக்க முடியாமல் பூ வைத்திருந்த தாம்பாளத்தைக் கவிழ்த்து, சாம்பார்க் கரண்டியால் அடி அடி என்று அடித்திருக்கிறார். அந்தச் சத்தத்தில்தான் தாலி ஏறியது. நாயனக்காரர் வண்டியை விட்டு இறங்கும்போது பந்தியே ஆரம்பித்துவிட்டது.

"அன்னிக்கிலேருந்து எங்களுக்குத் தாம்பாள செட்டுன்னு பேரு வச்சிட்டாங்க பாய்" என்றார் தவில்காரர், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

அதோடு முடியவில்லை. அதே நல்லம்பள்ளி வீட்டின் இரண்டாவது பெண்ணைக் கம்பைநல்லூரிலேயே கொடுக்கிறார்கள். சில நாட்களில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சொந்த ஊர்க்காரர் என்று நாயனக்காரருக்கே வாக்குக் கொடுத்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் மட்டும், "அவங்க வரட்டும், நானும் தாம்பாளத்தோட வரேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். முந்தின நாள் சித்தேரி மலையில் ஒரு கோயில் திருவிழா. அதற்கும் முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று. விடியற்காலையில் மலையை விட்டு இறங்கி, அரூர் வழியாகக் கம்பைநல்லூருக்கு முகூர்த்தத்துக்குள் வந்து சேர வேண்டும்.

"சொந்த ஊர்ல தாம்பாளம் அடிச்சாங்கன்னா நான் நாயனத்தத் தொட மாட்டேன் பாய். பரண்ல போட்ருவேன்" என்றார் கோவிந்தசாமி. கேலியாகப் பேச வந்த எனக்கும் அதற்கு மேல் கேலி வரவில்லை.

வண்டியில் என்ன குறை என்று கேட்டேன். "இழுக்குதுங்க பாய். முனிராஜு அப்பவே சொன்னான், இழுக்குது மாமான்னு. நான்தான் காது குடுக்கல" என்றார்.

தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் பட்டறையில் வண்டி நன்றாக இழுக்கிறது என்றால் பாராட்டு. மேட்டில் பாரத்தோடு ஏறுகிறது என்று அர்த்தம். இவர் அதையே குறையாகச் சொல்கிறார். எனக்கு என்னவோ உறுத்தியது. மாட்டிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது சுலபம். ஆனால் எனக்கு அப்போதே ஒரு பழக்கம் உண்டு. வேகம் கேட்டு வருகிறவரின் வண்டியில், அவர்கள் எப்போதும் ஓட்டுகிற மாதிரியே ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை போய் வருவேன். நானே ஓட்டிப் பார்த்தால் என் ஓட்டம்தான் தெரியும்.

முனிராஜை எடுக்கச் சொன்னேன். கம்பைநல்லூர்ப் பக்கமாகக் கிளம்பினோம். தவில்காரர் முன்னால் இடது ஜன்னல் ஓரம். நாயனக்காரர் பின்னால் என் பக்கத்தில். வயதான வண்டிதான், ஆனால் இன்ஜின் சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர் ரோட்டில் மிதித்தால் போகும் என்று காதுக்கே தெரிந்தது. ஆனால் முனிராஜ் மிதிக்கவே இல்லை. எங்கேயோ தூரத்தில் ஒரு மாட்டு வண்டி தெரியும், இவன் காலை எடுத்துவிடுவான். பாலம் வருவதற்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே கியரைக் குறைப்பான். ரோட்டு ஓரம் புளிய மரங்கள் நெருங்கி வந்தால் வண்டி நடக்கவே ஆரம்பித்துவிடும்.

நாயனக்காரர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தவர், "பாத்தீங்களா பாய், இழுக்குது. காலம் நிக்க மாட்டேங்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் பாஷையில் இழுக்கிறது என்றால் தாளம் பிந்துகிறது, ஓட்டம் தொய்கிறது என்று அர்த்தம். தாளக்காரன் வந்து இழுக்குது என்று சொன்னால் நாயனக்காரர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? சரி, முனிராஜ் எந்த அர்த்தத்தில் சொன்னான்? ஒரு நாய் குறுக்கே ஓடியது. முனிராஜ் பிரேக்கை மிதித்தான். வண்டி படக்கென்று இடது பக்கம் தலையைத் திருப்பியது. தவில்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

"முனிராஜு, இழுக்குதுன்னு மாமாகிட்ட சொன்னியே, எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்டேன்.

"எடது பக்கங்க பாய். பிரேக்கு புடிச்சா மரத்துக்கே போவுது."

நாயனக்காரரின் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

"அடப்பாவி, பக்கம்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியாடா?"

"நீங்க கேக்கலியே மாமா."

தவில்காரர் முகத்திலிருந்து கையை எடுத்தார். "நான் இவன் ஓட்டறதே இப்பிடித்தான்னு நெனச்சேன். மரம் வர்ரப்ப எல்லாம் சாமியக் கும்பிட்டுக்குவேன்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாயனக்காரரைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

பட்டறைக்கு வந்து சக்கரங்களைக் கழற்றினேன். வலது முன் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்து, சக்கர டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் நனைந்திருந்தது. இடது பக்கம் மட்டும் பிடிக்கிறது. வண்டி இடது பக்கம் திரும்பாமல் என்ன செய்யும்? முன் டயர்கள் இரண்டும் இரண்டு ஜாதி. ஒன்று நல்லது, ஒன்று பழசின் மேல் ரப்பர் ஒட்டியது. பின்னால் ஆளும் தவிலும் ஏறி ஏறி ஸ்பிரிங் பட்டைகள் படுத்துவிட்டன. முனிராஜ் மெதுவாகப் போனது இன்ஜினால் அல்ல. நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இல்லாதவன் வேகமாகப் போக மாட்டான். போகவும் கூடாது.

என் முடிவைச் சொன்னேன். கார்பரேட்டர் சாக்கிலேயே இருக்கட்டும். நான்கு டிரம்மையும் லேத்தில் கொடுத்துக் கடைந்து, மலை டாக்சிகளுக்குப் போடுகிற கெட்டி லைனிங் போடலாம். முன்னால் இரண்டு ஒரே மாதிரி டயர். பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதல். விடியற்காலை இருட்டில் மலை இறங்க நல்ல வெளிச்சமான ஹெட்லைட் பல்பு. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, பிளக்குகளைப் பார்த்தால் இன்ஜினுக்கு அது போதும்.

நாயனக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "மெதுவா போற வண்டிய நிறுத்தறதுக்கா இவ்வளவு செலவு? நான் வேகம் கேட்டா நீங்க நிறுத்தறதப் பத்தியே பேசறீங்க. ஊர் பூரா டபுள் கார்பரேட்டருன்னு சொல்லி வச்சிருக்கேன் பாய்!"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "எடுத்துட்டுப் போங்க. சேலத்துல மாட்டிக் குடுப்பாங்க. பிரேக்கு இல்லாத வண்டில ரெண்டு கார்பரேட்டர என் கையால நான் மாட்ட மாட்டேன்" என்றேன்.

நல்ல வாடிக்கையாளரை இழந்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். நீங்களும் இப்படிச் சாவியை வைக்க வேண்டிய நாள் வரும். வைத்துவிடுங்கள். கோபம் இல்லாமல் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு அது கடைசி வரை வாய்க்கவில்லை.

சாவியை எடுக்கப் போன நாயனக்காரரைத் தவில்காரர்தான் தடுத்தார். முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசினார்.

"அண்ணே, நீங்க மூணாங் காலத்துல சும்மா சர்ருன்னு ஓடறீங்களே, எத நம்பி ஓடறீங்க?"

"தாளத்த நம்பித்தான்."

"தாளம் எங்க உழும்னு தெரியலன்னா?"

"எப்பிடிய்யா ஓடறது? எங்க வந்து நிக்கறதுன்னே தெரியாதே."

"அதத்தான் பாயும் சொல்றாரு. கெட்டி மேளத்துக்குக் கெட்டி லைனிங்கு. போட்டுக்கலாம்ணே."

நாயனக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சாக்கைப் பார்த்தார். "சரிங்க பாய். ஆனா நீங்களும் எங்ககூட மலைக்கு வரோணும். நேரம் ஆச்சுன்னா தாம்பாளத்த நீங்கதான் அடிக்கோணும்" என்றார். ஒப்புக்கொண்டேன். சொந்த வேலையின் மேல் நம்பிக்கை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது, அதை வெளியே காட்டவில்லை.

வேலை முடிந்தது கிளம்புகிற அன்றுதான். புது லைனிங் டிரம்மோடு ஒட்டிப் பழகக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கவலையோடுதான் பின் சீட்டில் ஏறினேன்.

மலையில் திருவிழா நன்றாக நடந்தது. விடியற்காலையில் இறங்க ஆரம்பித்தோம். செட்டு முழுவதும் வண்டிக்குள், தவில் மடியில். முனிராஜ் முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டான், வண்டி நேராகப் பிடித்தது. இரண்டாவது வளைவிலும் நேராகப் பிடித்தது. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்த அவன் விரல்கள் தளர்வதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். நாயனக்காரருக்கும் உற்சாகம். "உடுறா முனிராஜு, உடு!" என்றார். முனிராஜும் விட்டான்.

பாதி மலையில் எனக்கு அந்த வாசனை வந்தது. லைனிங் தீய்கிற வாசனை. உங்களுக்கெல்லாம் தெரியும். முனிராஜ் உற்சாகத்தில் பெரிய கியரில் இறக்கி, பிரேக்கையே நம்பி வந்திருக்கிறான். புது லைனிங், பழகாதது. இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால் மிதி கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கீழேதான் வளைவுகள் அதிகம்.

"நிறுத்து. ஓரங்கட்டு" என்றேன்.

"ஏங்க பாய்?"

"ஆறட்டும்."

நாயனக்காரர் துள்ளிவிட்டார். "என்னாங்க பாய் இது? அங்க மேளம் மேளம்னு கத்துவாங்க, இங்க வண்டிக்கு ஓய்வா?" கீழே இறங்கி ரோட்டில் மேலும் கீழும் நடந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைத் திட்டினார், பிறகு பெங்களூர்க் கடைக்காரரை நினைத்துப் பெருமூச்சு விட்டார். சுருதிப்பெட்டிக்காரர் டிரம் மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று குடத்தோடு வந்தார். ஊற்றினால் வெடித்துவிடும் என்று அவரையும் விரட்டினேன். முகூர்த்தம் தவறினால் அந்த மனிதர் நாயனத்தைப் பரணில் போட்டுவிடுவார், அதற்குக் காரணம் நான் என்று ஆகும். ஆனால் நேரம் போகிறது என்பதற்காகச் சூட்டோடு இறங்க முடியாது. நேரம் போனால் பெயர் கெடும். இங்கே ஆறேழு உயிர் வண்டிக்குள் இருக்கிறது. இந்தக் கணக்கில் நான் அன்றும் குழம்பவில்லை, நீங்களும் குழம்பாதீர்கள்.

டிரம் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் தாங்குகிறது என்று ஆன பிறகுதான் ஏறச் சொன்னேன். "ரெண்டாவது கியர்லயே வா. வண்டிய இன்ஜின் புடிக்கட்டும். வளைவுக்கு முன்னாடி மட்டும் பிரேக்கத் தொடு" என்று முனிராஜிடம் சொன்னேன். தாளக்காரன் அல்லவா, சொன்னதைச் சொன்ன இடத்தில் செய்தான்.

கடைசி வளைவுக்கு முந்தின வளைவில், மேலே ஏறி வந்த முதல் பஸ் ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு எதிரே வந்துவிட்டது. இடது பக்கம் பள்ளம். முனிராஜ் மிதித்தான். ஓர் இஞ்சுகூட இடது பக்கம் சாயாமல், பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் வண்டி நின்றது. தவில்காரர் ஜன்னல் வழியாகப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பஸ் ஒதுங்கிப் போனது. பிறகு நாயனக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சமத்துல வந்து நிக்குது பாய்" என்றார். தாளம் தொடங்குகிற இடம்தான் அவர்கள் பாஷையில் சமம்.

அரூர் தாண்டி நேர் ரோடு வந்ததும் முனிராஜ் ஓட்டினான் பாருங்கள்! அதே இன்ஜின். அதே ஒற்றைக் கார்பரேட்டர். புளிய மரங்கள் பின்னால் ஓடுகின்றன. மாட்டு வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் காலை எடுக்கிறான், தொடுகிறான், மறுபடி மிதிக்கிறான். மலையில் நின்ற நேரத்தை எல்லாம் அங்கே எடுத்துவிட்டான். நாயனக்காரர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்.

"பாய், இப்ப இழுக்கல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பட்டறைப் பாஷையில் அதற்கு இன்ஜின் போச்சு என்று அர்த்தம். "என்னங்க, இழுக்கலியா?" என்று பதறி முன்னால் சாய்ந்தேன். முனிராஜ் அன்றைக்குத்தான் என் முன்னால் முதல் தடவையாகத் தானாகவே வாயைத் திறந்தான். "எந்தப் பக்கமும் இழுக்கலிங்க பாய்!" என்றான். வண்டி முழுவதும் சிரித்தது.

பந்தல் வாசலில் இறங்கும்போது மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தார், பெண்ணை அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். செட்டு ஓட்டமும் நடையுமாகப் போய் உட்கார்ந்தது. நான் ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். முன் வரிசையில் நல்லம்பள்ளித் தாய்மாமன். சொன்ன சொல் தவறாதவர், மடியில் தாம்பாளம், கையில் கரண்டி. பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாயனக்காரரும் பார்த்தார். சீவாளியை உதட்டில் வைத்துக்கொண்டே ஒரு முறை தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டி மேளம்!"

சின்னசாமி அடித்த அடியில் பந்தல் துணி அதிர்ந்தது. முனிராஜின் தாளம், அதற்கு மேல் கோவிந்தசாமியின் நாயனம். தாலி ஏறியது. எல்லோரும் அட்சதையை வீச, தாய்மாமன் மட்டும் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே, தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். கை ஏறுவதும் இறங்குவதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் எனக்கும் கேட்கவில்லை, பந்தலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.